லாங் ஐலண்டின் நண்பகல்

அரசாங்கத்துக்குச் சொந்தமான எந்தப் பொருளும் ஏதாவதொரு காகிதத்தில் விவரிக்கப்பட்டிருக்க வேண்டும். விவரிக்கப்படாத பொருள், இல்லாத பொருள். விவரிக்கப்பட்ட பொருள், அதைக் கறையான் தின்று பத்து வருஷம் ஆகியிருந்தாலும், இருக்கும் பொருள். போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் இருந்த எங்கள் கடல் அபாய முன்னறிவிப்பு இயக்ககம் இந்தத் தத்துவத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. நான் அங்கே தபால் பிரிவு எழுத்தர். இனி வரப்போகும் காகிதங்கள் அத்தனையும் என் கை வழியாகப் போனவை. ஆகவே இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

சுனாமி வந்து எட்டு வருஷம் கழிந்ததும், அடுத்த சுனாமியை முன்கூட்டியே அறிய வேண்டும் என்று மேலிடத்துக்கு அவசரம் வந்துவிட்டது. தீவுகளின் படகு ஜெட்டிகளில் கருவி வைக்க உத்தரவானது. முதல் கருவி அந்தமானின் லாங் ஐலண்டுக்கு. ஒரு பச்சைப் பெட்டி, அதற்குள் சின்னக் கம்ப்யூட்டர். ஒரு கம்பி கடலுக்குள் போனது, இன்னொன்று கம்பத்தின் உச்சியில் இருந்த சைரனுக்குப் போனது. கடல் மட்டம் தொடர்ந்து முப்பது நிமிஷம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் சைரன் அலறும். அது போக, தினமும் நண்பகலில் சோதனைக்காக ஒரு தடவை ஊதும்.

ஜனவரி இரண்டாம் தேதி காலை சரியாகப் பத்து மணிக்கு இயக்குநர் ஹரிஹரன் பொத்தானை அழுத்திக் கருவியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நண்பகல் சைரன் பன்னிரண்டு நாற்பதுக்கு ஊதியது. இயக்குநர் உரையை முடித்ததும் அப்போதுதான் என்பதால், கருவிக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அடுத்த நண்பகல் மறுநாள் இரவு எட்டு நாற்பதுக்கு வந்தது. அதற்கடுத்தது ஜனவரி ஐந்தாம் தேதி அதிகாலை நாலு நாற்பதுக்கு. ஊரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. விடிந்த பிறகு பார்த்தால் கடல் தேமேயென்று கிடக்கிறது. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு ஊர்க்காரர்கள் இந்தியில் ஒரு மனு அனுப்பினார்கள். அதன் சாரம் இது: "மற்ற ஊர்களில் நாலு நாளைக்கு நாலு நண்பகல் வருவதாகக் கேள்விப்படுகிறோம். எங்களுக்கு மூன்றுதான் வருகிறது. அதிலும் இரண்டு இருட்டில் வருகின்றன."

விசாரிக்க உமா மகேஸ்வரியை அனுப்பினார்கள். விருதுநகர்ப் பெண். ஒப்பந்தத்தில் வேலை பார்த்த கம்ப்யூட்டர் இன்ஜினியர். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் அலுவலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பதால், அவளுக்கு மட்டும் மேஜை கொடுக்கவில்லை.

கப்பலை விட்டு இறங்கியதும் கருவியின் காவலர் முத்துவீரன் எதிரே வந்தார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். கச்சாலில் கடல் ஏறிய காலையில் மனைவி சுகுணாவை இழந்தவர். பிறகு தங்கை வீட்டோடு லாங் ஐலண்டில் தங்கிவிட்டார்.

"இந்தப் பெட்டிக்கு ஒடம்பு சரியில்லீங்க மேடம்," என்றார் முத்துவீரன். "நான் ஒரு மணி நேரம் நின்னு பாத்தா, நீ முக்கா மணி நேரந்தான் நின்னேங்குது."

பெட்டியின் கண்ணாடி வழியே நேரம் தெரியும். உமா தன் செல்போனைப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தாள். சரியாக முக்கால் மணி. பையிலிருந்து கருவியோடு வந்த சீட்டை எடுத்தாள். அதில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ள ஒரு புரோகிராம் இருக்கு அண்ணே. கெர்னல்னு பேரு. மொத்தப் பெட்டிக்கும் அதுதான் ஆபீசர். ஆனா அது எந்திரிச்சுப் போய் எதையும் பாக்காது. பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு நாமதான் பட்டியல் எழுதித் தரணும். டிவைஸ் ட்ரீன்னு சொல்லுவாங்க. அதுல எழுதியிருக்கறதை அப்படியே நம்பும்."

"நம்ம ஆபீசருங்க மாதிரியே."

"அதே சாதிதான். உள்ள டைமர்னு ஒரு சில்லு துடிச்சுக்கிட்டே இருக்கும். செகண்டுக்கு ரெண்டு கோடியே நாப்பது லட்சம் தடவை துடிக்கும்னு பட்டியல்ல எழுதியிருக்கு. கெர்னல் அத்தனையும் எண்ணி முடிச்ச பிறகுதான் ஒரு செகண்ட் ஆச்சும்பா. ஆனா வந்திருக்கற சில்லு, இந்தச் சீட்டுல போட்டிருக்கற மாதிரி, ஒரு கோடியே எண்பது லட்சம்தான் துடிக்குது. எண்ணி முடிக்கறதுக்குள்ள..."

"செகண்டு தாண்டிப் போயிருது."

"அவ்வளவுதான். ஒரு வரி. ஒரு நம்பரை மாத்தினா சரியாயிடும்."

முத்துவீரன் கடலைப் பார்த்தார். "மத்தியானச் சங்கு எப்ப ஊதுனா என்னங்க. அந்த முப்பது நிமிசம்னு சொன்னாங்களே, தண்ணி மாறிச்சுன்னா அலறும்னு. அது?"

உமாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "நாப்பது ஆகும்."

"பத்து நிமிசம்," என்றார் முத்துவீரன். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். "நான் போய்த் தண்ணி கொண்டாறேன். திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். நான் எதையும் பாக்கலீங்க."

பெட்டியின் மேல் இயக்ககத்தின் அரக்கு முத்திரை இருந்தது. உடைத்தால் கேள்வி வரும். மார்ச் முப்பத்தொன்றில் ஒப்பந்தம் முடிகிறது. கேள்வி வந்தவர்களுக்கு ஒப்பந்தம் நீள்வதில்லை. உமா சாவியைக் கையில் எடுத்தாள். வெயிலில் அது சுட்டது. முத்துவீரன் குடத்தோடு திரும்பி வந்தபோது சாவி வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஃபைல் போட்டு முறையா மாத்திடறேன் அண்ணே. ஒரு வாரம் போதும்."

"டீக் ஹை," என்றார் முத்துவீரன். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஃபைல் முதலில் கண்காணிப்பாளர் பன்னீர்செல்வத்தின் மேஜைக்குப் போனது. விதிகளை வைத்து வேலை செய்கிறவர்கள் உண்டு. விதிகளுக்காகவே வேலை செய்கிறவர் அவர்.

"'டைமரின் விவரத்தைத் திருத்த அனுமதி கோருதல்'. சரி. இந்த டைமரை யாரும்மா விவரிக்கப் போறது?"

"நான்தான் சார்."

"நீங்க ஒப்பந்தப் பணியாளர். அரசாங்கச் சொத்தை ஒப்பந்தப் பணியாளர் தொடலாம், துடைக்கலாம், தூக்கலாம். விவரிக்கக் கூடாது."

"அப்போ நீங்களே விவரிங்க சார். நான் சொல்றேன்."

"எனக்கு அது என்னன்னு தெரியாதே."

"தெரிஞ்ச நான் எழுதக் கூடாது, எழுதலாம்ங்கற உங்களுக்குத் தெரியாது."

"இப்பத்தான் ஆபீஸ் உங்களுக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு," என்றார் பன்னீர்செல்வம் அன்போடு. பிறகு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "டிவைஸ் ட்ரீ. ட்ரீன்னா மரமில்ல?"

உமா இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். "பேருதான் சார் மரம். நிஜ மரம் இல்ல."

"அந்தமான்ல பேருதாம்மா முக்கியம். பேர் இருக்கற மரத்துல கை வெச்சா கேஸ் ஆயிடும். எதை வெட்டறீங்க? கிளையா?"

"வெட்டல சார். ஒரு சின்ன இடத்தைத் திருத்தறோம். இலைன்னு வெச்சுக்கோங்களேன்."

அப்படிச் சொன்னது தவறு. மரங்களைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகம் ஒன்றுக்கு, அதன் பெயர் இங்கே வேண்டாம், ஆட்சேபமின்மைச் சான்று கேட்டு என் கையாலேயே கடிதம் அனுப்பினேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி மரம் விலைமதிப்புள்ள படாக் இனத்தைச் சேர்ந்ததல்ல. ஓர் இலையைத் திருத்த ஆட்சேபம் இல்லை. ஆனால் திருத்திய பிறகு மரத்தை மெயின்லேண்டுக்குக் கொண்டு போகக் கூடாது.

ஃபைல் இயக்குநரிடம் போனபோது ஏப்ரல் பிறந்துவிட்டது. உமாவின் ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு நீண்டிருந்தது. ஹரிஹரன் படித்தவர். உமா சொன்னதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

"ரெண்டு கோடியே நாப்பது லட்சம் துடிக்குதுன்னு கருவியைப் பரிசோதிச்சு சான்று குடுத்தது யாரு?"

"மூணு பேர் குழு சார்."

"தலைவர்?"

"நீங்க சார்."

"நான் பரிசோதிச்சேனா?"

"கையெழுத்து இருக்கு சார்."

"அப்போ பரிசோதிச்சிருக்கேன்." ஹரிஹரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சான்று சரி. அதனால துடிப்பு சரி. துடிப்பு சரின்னா கருவி சரி. அப்ப தப்பு எங்க இருக்கும்?"

உமா கருவியோடு வந்த சீட்டை நீட்டினாள்.

"லாங் ஐலண்டுல," என்றார் இயக்குநர். "ஒரு குழு போட்டுடலாம்."

நேர ஆய்வுக் குழு ஜூன் மாதம் கப்பலேறியது. இயக்குநர், கண்காணிப்பாளர், குறிப்பெடுக்க நான். பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். இயக்குநரின் கைக்கடிகாரத்தில் ஒரு மணி ஓடியபோது பெட்டியில் நாற்பத்தைந்து நிமிஷம்தான் ஓடியிருந்தது. பார்த்தோம், வியந்தோம். முத்துவீரன் இளநீர் வெட்டித் தந்தார். பன்னீர்செல்வம் ஒரு கேள்வியை எழுப்பினார்.

"சார், உங்க வாட்ச்சுக்குச் சான்று இருக்கா?"

"இல்ல. என் மாமனார் குடுத்தது."

அறிக்கை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. மாமனார் கொடுத்த தனியார் கடிகாரம் ஒன்று, மூவர் குழுவின் சான்று பெற்ற அரசாங்கக் கருவியோடு முரண்படுவதாகத் தெரிய வருகிறது. எதை நம்புவது என்பதில் இயக்ககத்துக்கு ஐயமில்லை. அதன்படி சுற்றறிக்கை வெளியானது: "லாங் ஐலண்டில் நண்பகல் எனப்படுவது சைரன் ஒலிக்கும் வேளையே ஆகும். இயற்கையான வெளிச்சத்தை இதற்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது."

சூரியன் காலை ஐந்துக்கே வந்து நிற்கிறது, கடிகாரம் மட்டும் டெல்லியோடு சேர்ந்து தூங்குகிறது என்று இந்தத் தீவுகளில் எப்போதும் குறை சொல்பவர்கள் கூட வாயடைத்துப் போனார்கள். சுற்றறிக்கையால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட அரசு ஊழியர் முத்துவீரன் ஒருவர்தான். அவருக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை சில நாள் அதிகாலை நாலு நாற்பதுக்கு வந்தது. எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் படுப்பார்.

உமா விடவில்லை. முப்பது நிமிஷம் நாற்பது ஆகும் என்று மூன்று குறிப்பு எழுதினாள். மூன்றிலும் "பார்க்கப்பட்டது" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பார்த்தது உண்மை. நானே பார்த்தேன்.

கருவியின் பதிவுகளும் தினமும் டாலிகஞ்சுக்கு வந்துகொண்டிருந்தன. பெட்டியின் கடிகாரம் நாளுக்கு ஆறு மணி நேரம் பின்தங்கியதால் பதிவுகளின் தேதியும் பின்தங்கிக்கொண்டே போனது. ஆகஸ்டில் ஜூன் மாதத்துப் பதிவு வந்தது. கருவி சொல்லும் தேதியே அதிகாரபூர்வத் தேதி என்று பன்னீர்செல்வம் பேரேட்டில் ஏற்றினார். இரண்டு மாதம்தான் பின்தங்கல் என்பதால், அதை எங்கள் அலுவலகத்திலேயே சுறுசுறுப்பான பிரிவு என்று கருதினோம்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலை ஒன்பது பத்துக்குப் பூமி ஆடியது.

டாலிகஞ்சில் ஃபைல்கள் சரிந்தன, நாங்கள் ரோட்டுக்கு ஓடினோம். உமா ஓடவில்லை. படிக்கட்டில் நின்றபடி லாங் ஐலண்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். லைன் கிடைக்கவில்லை. "நாப்பது நிமிஷம்," என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "அன்னிக்குச் சாவி என் கையிலதான் இருந்துச்சு."

லாங் ஐலண்டில் முத்துவீரன் சைரனுக்காகக் காத்திருக்கவில்லை. பூமி ஆடி நின்றதும் ஒரு காலி டீசல் டிரம்மை உருட்டி வந்து, இரும்புக் கம்பியால் அடிக்க ஆரம்பித்தார். "பாகோ! ஊப்பர்! எல்லாரும் மேல ஏறுங்க!" என்று இந்தியிலும் தமிழிலும் கத்தினார். வங்காளிக் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் சோற்றுப் பானையை விட்டுவிட்டு ஏறின. ஒன்பது இருபதுக்குக் கடல் உள்வாங்கியது. பெட்டி எண்ண ஆரம்பித்தது. ஒன்பது ஐம்பத்தேழுக்குக் கடல் திரும்பி வந்து ஜெட்டிக்கு மேல் ஏறி, இரண்டு டுங்கிப் படகுகளை உடைத்து, பள்ளிக்கூடத்துச் சுவரை நனைத்துவிட்டுப் போனது.

சரியாகப் பத்து மணிக்கு, தண்ணீர் வந்து மூன்று நிமிஷம் கழித்து, சைரன் அலறியது. அந்த ஒரு வரி திருத்தப்பட்டிருந்தால் ஒன்பது ஐம்பதுக்கே அலறியிருக்கும்.

மதியத்துக்கு மேல்தான் லைன் கிடைத்தது. "எல்லாரும் மேலதான் மேடம் இருக்கோம். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல," என்றார் முத்துவீரன். உமா படிக்கட்டிலேயே உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் டெல்லியிலிருந்து கேள்வி வந்தது: நிலநடுக்கம் ஆகஸ்ட் 30. உங்கள் அபாயச் சைரன் ஒலித்தது எப்போது? அதிகாரபூர்வப் பதிவோடு பதில் தரவும்.

பன்னீர்செல்வம் பேரேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் எழுந்து நின்றார். பூமி ஆடிய நாளைத் தவிர, இருபத்தேழு வருஷ சர்வீசில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், அபாயச் சைரன் ஜூலை ஒண்ணாம் தேதி காலை பத்து மணிக்கு ஊதியிருக்கு!"

"நிலநடுக்கத்துக்கு..."

"அறுபது நாள் முன்னால சார்!"

உலகத்தில் எந்த நாடும் நிலநடுக்கத்தை அறுபது நொடி முன்னால் சரியாகச் சொன்னதில்லை. டெல்லியிலிருந்து நிபுணர் குழு விமானத்தில் வந்து இறங்கியது. பேரேட்டைப் பார்த்தார்கள், தொட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் உமா எழுந்தாள். அவளை யாரும் எழச் சொல்லவில்லை.

"சார், அந்தக் கடிகாரம் ஸ்லோ. டைமரோட விவரம் தப்பா எழுதியிருக்கு. சைரன் ஊதினது நிலநடுக்கத்துக்கு அப்புறம். தண்ணி வந்ததுக்கும் அப்புறம்."

நிபுணர்களின் தலைவர் சிரித்தார். "ஸ்லோவான கடிகாரம் எச்சரிக்கையைத் தாமதமாகத்தானே தரும்? இது முன்கூட்டியே தந்திருக்கிறதே?"

"ஸ்லோவா இருக்கறதாலதான் சார் முன்கூட்டி."

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "இளம் விஞ்ஞானிகளிடம் இவ்வளவு தன்னடக்கம் அபூர்வம்," என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்.

குழு ஒரேயொரு குறை கண்டது. சைரன் ஒலிக்கும் முன்பே பொதுமக்கள் மேட்டில் ஏறியதாக ஊரில் பேச்சு. விளக்கம் கேட்டு முத்துவீரனுக்கு மெமோ போனது. அவர் பதிலைச் சொல்ல, தங்கை மகள் சுதா எழுதி அனுப்பினாள்: "ஐயா, ஆபீஸ் கணக்குப்படி சைரன் ஜூலை ஒண்ணாந்தேதியே அடிச்சிருச்சு. நாங்கதான் ரெண்டு மாசம் கழிச்சு ஏறியிருக்கோம். மன்னிக்கணும்." இயக்ககம் பதிலை ஏற்றது. முதல் தவறு என்பதால் எச்சரிக்கையோடு விட்டது. இனி குறித்த நேரத்தில் ஏறவும்.

அக்டோபரில் விருது வந்தது. கூடவே ஓர் உத்தரவு. எல்லாத் தீவுக் கருவிகளிலும் லாங் ஐலண்டு முறையே பின்பற்றப்படும். அறுபது நாள் முன்னறிவிப்பு போதாது. அடுத்த நிதியாண்டுக்குள் அது தொண்ணூறாக உயர வேண்டும். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலு நாளைக்கு ஒரு நாள் தானாகவே கூடுகிறது. யாரும் எதையும் செய்யாமல் இருந்தால் இலக்கை எட்டிவிடலாம். எங்கள் இயக்ககத்தின் திறமைக்கு இவ்வளவு பொருத்தமான இலக்கு அதுவரை வந்ததில்லை.

அந்த ஒரு வரியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள நேரப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு நிரந்தரப் பதவி உருவானது. உமா மகேஸ்வரியின் பெயர் வந்தது. உத்தரவு மூன்று நாள் கையெழுத்தில்லாமல் அவள் பையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் விருதுநகரிலிருந்து அவள் அப்பா போன் செய்தார். பேச்சு நீளவில்லை. "பர்மனென்ட்டா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா நான் கொடுத்தது. அந்தப் பிரிவுக்கு ஒரு தலைமை எழுத்தர் தேவைப்பட்டார். ஏழு பேர் விண்ணப்பித்தோம், எனக்குக் கிடைத்தது.

புது மேஜையில் உமா மேடம் உட்கார்ந்த முதல் வாரம் முத்துவீரன் போன் செய்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துங்க மேடம். ஒண்ணு மட்டும் கேக்கணும். மறுபடி பூமி ஆடுனா நாங்களா ஏறலாமா, இல்ல உங்க கிட்ட எழுதிக் கேக்கணுமா?"

மேடம் ஃபைலின் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, "எழுதி அனுப்பிடுங்க அண்ணே. முன்தேதி போட்டு அனுமதி தந்துடறேன்," என்றார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தப் பக்கம் முத்துவீரனும் சிரித்தார். மறுநாள் காலை என் மேஜையில் மேட்டில் ஏறுவதற்கான விண்ணப்பப் படிவத்தின் மாதிரி இருந்தது. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை, ஏற விரும்பும் உயரம், ஏறுவதற்கான காரணம். மூலையில் மேடத்தின் சுருக்கொப்பம்.

நான் ஐந்நூறு பிரதி எடுத்தேன்.